இட்லி மாவு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் எங்கள் வீட்டில் மாவரைப்பது வாரம் தவறாத வேலை. என்ன உளுந்து, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்குக் கரைத்தேன், எப்போது பொங்கியது என்று நோட்டில் குறித்துவைப்பேன். எதையாவது மாற்றிப் பார்க்க நினைத்தால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன். அரிசியை மாற்றிய அன்று உளுந்தில் கை வைக்க மாட்டேன். இது தெரிந்ததிலிருந்து மாவைப் பற்றிய சந்தேகம் எல்லாம் என்னிடம் வருகிறது. தங்கை மகளும் அடுத்த வீட்டுக்காரரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். அரிசி, பருப்பு அளவெல்லாம் ஒரே டம்ளர் கணக்கு.

அக்கா, முதலில் கணக்கைச் சொல்லுங்கள். அரிசிக்கு எவ்வளவு உளுந்து?

கிரைண்டரில் அரைப்பதானால் நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். மிக்ஸியானால் மூன்றுக்கு ஒன்று. உளுந்து புதியதாக இருந்து நன்றாகப் பொங்கினால், கிரைண்டரில் ஐந்துக்கு ஒன்றுகூடத் தாங்கும். அரிசி நான்கு மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

தோலோடு இருக்கும் கறுப்பு உளுந்தில் அரைத்தாலும் இட்லி நன்றாகவே வரும், மணமும் கூடுதல். தோலை அலசிக் களைய நேரம் இருந்தால் அதையே வாங்குங்கள். தோல் நீக்கி உடைத்த உளுந்தை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். உடைந்த பருப்பு சீக்கிரம் பழசாகிவிடுகிறது, முழு உளுந்து அளவுக்கு உபரியும் காண்பதில்லை.

கடையில் இட்லி அரிசி என்று விற்பதைத்தான் வாங்க வேண்டுமா? ரேஷன் புழுங்கல் அரிசி வீட்டில் மூட்டையாக இருக்கிறது.

ரேஷன் புழுங்கல் தாராளமாகப் போதும். நான்கைந்து முறை அலசி, ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறவையுங்கள். கடையில் இட்லி அரிசி என்று தருவது பெரும்பாலும் குட்டையாக, குண்டாக இருக்கும் புழுங்கல் அரிசிதான். பெயரைவிட அது புழுங்கலா என்பதுதான் முக்கியம்.

நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து அவித்து உலர்த்துவதால், புழுங்கல் அரிசியின் மாவுச்சத்து ஒருமுறை வெந்துவிட்டது. அதனால்தான் அரைக்கும்போது பசையாகிவிடாமல் நைஸ் ரவை போல நிற்கிறது. பச்சரிசி மட்டும் போட்டு நைசாக அரைத்த இட்லி ஆவி பறக்கும்போது மென்மையாக இருந்துவிட்டு, ஆறியதும் விறைத்துப்போகும். பச்சரிசியைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது நல்ல மொறுமொறுப்பு தரும்.

உளுந்தை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் இன்னும் நன்றாகப் பொங்காதா?

பொங்காது. மாவைத் தாங்கிப் பிடிப்பது உளுந்தில் இருக்கும் புரதமும், விரலில் கொழகொழவென்று ஒட்டும் பசைப்பொருளும். இவை இரண்டும் சேர்ந்துதான் காற்றை நுரையாகப் பிடித்துவைக்கின்றன. அதிகம் ஊறினால் இவற்றில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது வேலை செய்ய வேண்டிய பொருளையே கொட்டுகிறோம். ஆகவே முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் தெளித்தே அரையுங்கள்.

அரைப்பதற்கு இருபத்தைந்து நிமிடமாவது கொடுக்க வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கை கையாகத் தெளித்தால்தான் கல்லுக்கும் குழவிக்கும் நடுவில் உளுந்து நின்று காற்றை வாங்கும். பதம் தெரிய ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவைப் போடுங்கள். மிதந்தால் எடுத்துவிடலாம். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அரிசியைத் தனியாக, விரலில் தேய்த்தால் நறநறவென்று தட்டுப்படும் ரவைப் பதத்தில் அரைக்க வேண்டும்.

என்னிடம் கிரைண்டர் இல்லை. மிக்ஸியில் அரைத்தால் இட்லி பஞ்சு போல வருமா?

வரும், ஆனால் சூட்டைக் கவனிக்க வேண்டும். கிரைண்டரில் கல் மெதுவாகச் சுற்றுகிறது. மிக்ஸியின் பிளேடு வேகமாகச் சுற்றிப் பருப்பைச் சூடாக்குவதால் நுரை நிற்பதில்லை. ஊறிய உளுந்தை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, சிறுசிறு பங்காக விட்டுவிட்டு அரையுங்கள். ஜாரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு; அந்த ஊர்க்காரியாக நான் கிரைண்டர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு, வாரம் ஒரு டம்ளர் உளுந்து அரைப்பதற்கு, மிக்ஸியே போதும். அதற்காகக் கடன் வாங்கிக் கிரைண்டர் வாங்க வேண்டியதில்லை.

கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்கிறார் என் மாமியார். கரண்டி போட்டால் திட்டு விழுகிறது. எது சரி?

ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கரைத்து, வெளிப்பக்கம் நூல் கட்டி அளவு வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே உயரத்துக்கு எழுந்தன. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தின் மேலேயே இருக்கின்றன. லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அவற்றில் முக்கியமானது. அது மாவில் உள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. வாயுவால் மாவு உயர்கிறது, அமிலத்தால் புளிக்கிறது. நாம் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆனாலும் உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அரிசி மாவு கனமானது, அடியில் தங்கும். கரண்டியை மேலாகச் சுழற்றினால் உளுந்து மேலேயும் அரிசி கீழேயும் நின்றுவிடும். கையை அடிவரை விட்டுக் கரைத்தால் கட்டி எங்கே என்று விரலுக்குத் தெரியும். குளிர்நாளில் கைச்சூடும் கொஞ்சம் உதவும். கையைக் கழுவிக்கொண்டு அவர் சொன்னபடியே கரையுங்கள், வீட்டில் அமைதியும் மிஞ்சும்.

உப்பைக் கரைக்கும்போதே போடுவதா, பொங்கிய பிறகா?

சமவெளியில் இருப்பவர்கள் கரைக்கும்போதே போடுங்கள். நான்கு டம்ளர் அரிசிக்கு மூன்று தேக்கரண்டி கல் உப்பு என் கணக்கு. உப்பு, நமக்கு வேண்டாத நுண்ணுயிர்களை அடக்கிவைத்து, புளிக்கவைக்கும் பாக்டீரியாவுக்கு வழி விடுகிறது. உப்புப் போடாத மாவு சீக்கிரம் எழுந்து, அதே வேகத்தில் புளித்தும் போகிறது. சித்திரை வெயிலில் அது தொல்லை. மலை ஊர்க்காரர்களுக்கு இதே குணம் சாதகம். அவர்கள் பாதி உப்பை முதலிலும் மீதியைப் பொங்கிய பிறகும் போடலாம்.

சித்தி, நான் ஊட்டியில் இருக்கிறேன். இரண்டு நாள் ஆனாலும் மாவு அப்படியே கிடக்கிறது. ஈஸ்ட் போடலாமா?

ஈஸ்ட் வேண்டாம் அம்மா. மாவு எழும், ஆனால் ரொட்டி மணம் வரும், நம் புளிப்பு வராது. மாவு பொங்க 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. சென்னையில் மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பாத்திரம் வழிந்துவிடும். பெங்களூரில் மார்கழியில் பதினான்கு மணி நேரம் ஆகலாம். ஊட்டிக் குளிரில் தானாகப் பொங்கும் என்று காத்திருந்தால், பொங்குவதற்கு முன்பே மாவு நாற்றம் எடுக்கத் தொடங்கிவிடும்.

நான் சொல்லும் வழி இது. அரிசியை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை. முந்தைய மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்திருந்து இதில் கலந்துவிடு. வேலை தெரிந்த பாக்டீரியா அதில் நிறைய இருக்கும். மாவுப் பாத்திரத்தை ஒரு பெரிய அண்டாவில் வைத்து, சுற்றிலும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி மூடி, மேலே கம்பளியைப் போர்த்து. படுக்கப் போகும்போது ஒருமுறை தண்ணீரை மாற்று. ஓவன் இருந்தால் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைக்கலாம். ஓவனைச் சூடாக்கிவிடாதே, மாவின் ஓரம் வெந்துவிடும். உப்பு விஷயம் மேலே சொன்னதுதான்.

மாவு மேலே நுரைத்து அழகாகத்தான் பொங்குகிறது. இட்லி மட்டும் கல் மாதிரி வருகிறது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் இதற்குத்தான் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. முதலில் கேட்பேன்: பொங்கிய மாவை எப்படி எடுத்தீர்கள்? பலர் கரண்டியை விட்டு நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். இரவெல்லாம் சேர்ந்த காற்று அந்தக் கலக்கலில் போய்விடுகிறது. மேலாகக் கரண்டியை இறக்கி, அப்படியே அள்ளித் தட்டில் விடுங்கள். மறுநாளைக்கு வேண்டியதைக் கலக்குவதற்கு முன்பே வேறு பாத்திரத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது, உச்சத்தைத் தாண்டிய மாவு. நள்ளிரவில் பொங்கி, காலையில் நடுவில் குழி விழுந்து இறங்கியிருந்தால் பாத்திரத்தின் ஓரத்தில் தடம் தெரியும். மாவு எழுந்த கோடு மேலே காய்ந்திருக்கும், மாவு கீழே இருக்கும். அப்படிப்பட்ட மாவில் நுரையைத் தாங்கும் பசைக்கு வலு போய்விட்டது. வெயில் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கரையுங்கள், அல்லது பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள்.

இந்த இரண்டும் இல்லை என்றால் அரிசி மாவைத் தொட்டுப் பாருங்கள். மிகவும் நைசாக அரைத்திருந்தால் இட்லி இறுகும். உளுந்து குறைந்தாலும் இறுகும். உளுந்து கூடிப்போனால் இட்லி தட்டையாகிக் கையில் பிசுபிசுக்கும். கடைசியில், இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைத்தீர்களா? தண்ணீர் சூடேறும் வரை மாவு உட்கார்ந்திருந்தால் காற்று வெளியேறிவிடும். கொதித்த பிறகு வைத்துப் பத்து நிமிடம் வேகட்டும். பதினைந்தைத் தாண்டினால் ஓரம் காய்ந்துவிடும்.

தட்டில் எண்ணெய் தடவுவதா, துணி போடுவதா?

துணி. பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து போட்டால் அடியில் ஈரம் தேங்காது, ஒட்டாது. வெந்ததும் துணியோடு கவிழ்த்து, மேலே தண்ணீர் தெளித்து உரித்தால் முழுதாக வரும். துணி துவைக்க நேரமில்லாதவர்கள் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இறக்கி மூன்று நிமிடம் கழித்துக் கரண்டியை நனைத்து எடுங்கள்.

ஹோட்டல் தோசை சிவந்து வருகிறது. என் தோசை வெள்ளையாகவே இருக்கிறது. என்ன போடுகிறார்கள்?

ஒரு பிடி கடலைப்பருப்போ துவரம்பருப்போ அரிசியோடு ஊறவைத்து அரைத்துப் பாருங்கள். வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மாவில் உள்ள சர்க்கரையும் புரதத்தின் சிறு கூறுகளும் சூட்டில் சேரும்போதுதான் அந்தச் சிவப்பும் மணமும் பிறக்கின்றன. இரண்டில் ஒன்று குறைந்தாலும் தோசை வெளுக்கும். அவசரத்துக்கு, ஊற்றுவதற்கு முன் அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை கலந்தாலும் நிறம் வரும்.

பலர் கவனிக்காதது, மாவின் புளிப்பு. அதிகம் புளித்த மாவில் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று தீர்த்திருக்கும். அமிலமும் சிவப்பதைத் தாமதப்படுத்தும். அதனால்தான் நான்காம் நாள் மாவில் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தோசை வெளுத்தே வருகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவை உடனே ஊற்றாமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, தீயைக் குறைத்து மாவை இழுத்து, பிறகு தீயைக் கூட்டுங்கள். கல் கொதிக்கும்போது ஊற்றினால் மாவு கரண்டியோடு வந்துவிடும்.

புளித்துப்போன மாவில் சமையல் சோடா போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

புளிப்பு குறையும். சோடா காரம், அமிலத்தோடு சேர்ந்து வாயுவை விடும், மாவும் நுரைக்கும். ஆனால் காரம் கூடினால் மாவில் இருக்கும் தயாமின் என்ற பி1 வைட்டமின் அழியும், சோப்பு வாசனையும் அடிக்கும். இரவெல்லாம் காத்திருந்து கிடைத்த சுவையை ஒரு சிட்டிகையில் கெடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

புளித்த மாவுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் பணியாரம் ஊற்றுங்கள். புளிப்பு அங்கே குறையே அல்ல. கனமான ஊத்தப்பத்துக்கும் அப்படியே. இட்லிதான் வேண்டும் என்றால் புதிதாக அரைத்த மாவைச் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து ஊற்றுங்கள்.

மாவை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? மேலே சாம்பல் நிறமாக இருந்தால் வழித்துப்போட்டுவிட்டுப் பயன்படுத்தலாமா?

ஃப்ரிட்ஜில் முதல் இரண்டு நாள் இட்லிக்கு, அடுத்த இரண்டு நாள் தோசைக்கு, அதற்கு மேல் பணியாரம். குளிரில் புளிப்பது நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். காற்றுப் பட்டு மேலே இலேசாகச் சாம்பல் பூத்தாற்போல் இருந்து, மணம் சரியாக இருந்தால் கலக்கிப் பயன்படுத்தலாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று திட்டுத்திட்டாகவோ பஞ்சு போலவோ தெரிந்தால் வழிக்காதீர்கள், பாத்திரத்தோடு கவிழ்த்துவிடுங்கள். பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை.

ஆமணக்கு விதை நான்கு போட்டால் இட்லி பூப்போல வரும் என்று எங்கள் ஊரில் போடுவார்கள். போடலாமா அக்கா?

எங்கள் பக்கமும் உண்டு, கொட்டைமுத்து என்பார்கள். இட்லி வெள்ளையாகவும் மிருதுவாகவும் வருவது உண்மைதான். ஆனால் ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. வெப்பத்தில் அது செயலிழக்கும் என்றாலும், ஊறவைத்த தண்ணீரும் வேகாத மாவும் விதையும் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் அடுப்படியில் கிடக்கும். இட்லியின் மென்மைக்காக நான் அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். ஒரு பிடி அவலோ அரைக் கிண்ணம் பழைய சாதமோ அரிசியோடு சேர்த்து அரையுங்கள், வெந்தயமும் இருக்கட்டும். வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

அப்பாவுக்குச் சர்க்கரை. அரிசிக்குப் பதில் சிறுதானிய இட்லி கொடுத்தால் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம்தானே?

சாப்பிடக் கூடாது. சாமை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. அரைத்து ஆவியில் வேகவைத்த பிறகு அது எளிதில் செரிக்கிறது. எத்தனை என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் செய்யக்கூடியது, இட்லியைக் குறைத்துக் காய் நிறைந்த சாம்பாரைக் கூட்டுவது.

சுவைக்காகச் சிறுதானிய இட்லி செய்வதானால் மகிழ்ச்சியாகச் செய்யுங்கள். மூன்று டம்ளர் சாமைக்கு ஒரு டம்ளர் உளுந்து. அரிசி மாவைவிடச் சீக்கிரம் புளிக்கும், ஆகவே பொங்கியவுடன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் தடவை பாதி சாமை, பாதி இட்லி அரிசி என்று தொடங்கினால் வீட்டில் எதிர்ப்பு இருக்காது.

நான் சைவம். மாவு புளிக்கும்போது பி12 உண்டாகிறதாமே, அது போதுமா?

அதை நம்பியிருக்க வேண்டாம். புளிப்பதால் சில பி வைட்டமின்கள் கூடுகின்றன, இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைகிறது. அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக் கூறு உளுந்தில் இருப்பதால் இரண்டும் சேரும்போது புரதமும் நிறைவாகிறது. இத்தனை நன்மை இருக்கிறது. பி12-க்குப் பால், தயிர், இல்லையென்றால் மருத்துவர் தரும் மாத்திரை.

அந்தக் காலத்தில் இட்லியில் அரிசியே கிடையாது என்று படித்தேன். அப்படிச் செய்ய முடியுமா?

முடியும். கி.பி. 920-ஐ ஒட்டிய கன்னட நூலான வட்டாராதனையில் இட்டலிகெ என்ற பெயர் வருகிறது. 1130 வாக்கில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் காலத்தில் எழுந்த மானசோல்லாசமும் உளுந்து மாவில் செய்த இதன் உறவுப் பண்டத்தைச் சொல்கிறது. இந்தப் பழைய குறிப்புகளில் அரிசி இல்லை என்பதை உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா எடுத்துக்காட்டியிருக்கிறார்.

கன்னட நாட்டு லோகோபகாரம் என்ற பழைய நூல் சொல்வது போல் உளுந்தை மோரில் ஊறவைத்து நைசாக அரைத்து, தயிர்த் தெளிவும் மிளகு, சீரகமும் சேர்த்து ஆவியில் வைத்துப் பார்த்தேன். இட்லியைவிட அடர்த்தியாக, எண்ணெயில் போடாத மெதுவடை போல இருந்தது. நல்லெண்ணெய் ஊற்றிச் சூடாகச் சாப்பிட மிகவும் பிடித்தது. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் கோயில் இட்லியின் மிளகு, சீரகம், சுக்கு மணம் நினைவுக்கு வந்தது. அதில் அரிசி உண்டு. ஒன்று மட்டும்: உளுந்து மட்டும் என்பதால் இரண்டு சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், குறைவாக அரையுங்கள்.

எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் செய்கிறேன். ஒரு வாரம் நன்றாக வருகிறது, அடுத்த வாரம் வரவில்லை. எதைச் சந்தேகப்படுவது?

முதலில் உளுந்து. அரிசி பல மாதம் தாங்கும், உளுந்து தாங்காது. புதுப் பாக்கெட் பிரித்த வாரம்தான் மாவு மாறியதா என்று பாருங்கள். மிதக்கும் சோதனையை மேலே சொல்லியிருக்கிறேன், அதைச் செய்தாலே பாதி தெரிந்துவிடும். உளுந்து அதேதான் என்றால் அடுத்தது வானிலை. மழை விழுந்து இரவு குளிர்ந்ததா, மின்விசிறிக்கு நேரே பாத்திரத்தை வைத்தீர்களா? அதற்கும் அடுத்தது தண்ணீர் அளவு. இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடாதீர்கள், எது காரணம் என்றே தெரியாமல் போகும். இந்த வாரம் உளுந்தை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் போன வாரம் போலவே வையுங்கள். சரியாக வந்தால் அந்தக் கடையில் அதே மூட்டையிலிருந்து இரண்டு கிலோ வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தேதியை மேலே எழுதி வையுங்கள்.